இடது கை

ஜூன் 3
வளையல் ஏறவில்லை. சோப்புப் போட்டும் பார்த்தேன். விரலால் அழுத்தினால் குழி விழுகிறது, நிரம்ப நேரமாகிறது. வலி இல்லை. கனம் மட்டும். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 4
அளந்தேன். முழங்கைக்கு மேலே வலது 28, இடது 31. 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வரச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். நாளைக்குப் போகணும். போகப் பிடிக்கவில்லை.

ஜூன் 5
பிசியோ பெண் படம் வரைந்து காட்டினாள். நிணநீருக்கென்று தனி இதயம் கிடையாதாம். குழாயே மெல்லச் சுருங்கித் தள்ளும். கை அசைந்தால், மூச்சை இழுத்தால் இன்னும் நகரும். உள்ளே வால்வு, திரும்பி வராது. என் அக்குளில் 16 கணுக்களை எடுத்துவிட்டார்கள். கைத்தண்ணீர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகணும். ஆபரேஷன் முடிந்து 2 வருஷம். இன்றைக்குத்தான் ஒருத்தி படம் போட்டுச் சொல்கிறாள். கோபம். அவள்மேல் இல்லை.

ஜூன் 7
காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் அம்மா தொடையிடுக்கைத்தான் தொட்டுப் பார்ப்பாள், நெறி கட்டியிருக்கிறதா என்று. படம் பார்க்காமலே அவளுக்கு வழி தெரிந்திருக்கிறது. அம்மா இருந்திருக்கலாம்.

ஜூன் 9
நீவிவிடும்போது கையில் தொடங்கக் கூடாது. முதலில் கழுத்தடி, காறை எலும்புக்கு மேலே இருக்கும் குழி. அங்கேதான் நிணநீர் சிரையில் போய்ச் சேர்கிறது. இரண்டு கால், வயிறு, இடது கை எல்லாம் இடப்பக்கம். வலது கை, தலையிலும் மார்பிலும் வலது பாதி, இவை மட்டும் வலப்பக்கம். அப்புறம் வலது அக்குள். நெஞ்சுக்குக் குறுக்கே நீவணும். கடைசியில்தான் கை, அதுவும் மேலிருந்து. சாக்கடை வாய் அடைத்திருக்கும்போது அங்கணத்தில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்? தோல் மட்டும் நகரணும். எனக்கோ அழுத்தித் தேய்க்கத்தான் கை போகிறது.

ஜூன் 11
30.5. குறைகிறது!

ஜூன் 12
கையில் சுற்றிய கட்டு அரிக்கிறது. ராத்திரி 2 மணிக்கு அவிழ்த்து எறிந்தேன்.

ஜூன் 13
31. அழுதேன். திரும்பக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 15
கத்தரிக்காய்க் காம்பு முள் கீறிவிட்டது. இடது கையில்தான். சோப்பால் கழுவி மருந்து போட்டேன். சிவக்கிறதா, சுடுகிறதா என்று பத்து தடவை பார்த்தாச்சு.

ஜூன் 16
சிவக்கவில்லை.

ஜூன் 18
ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் பையன் இடது கையை இழுத்துப் பட்டையைச் சுற்றிவிட்டான். வாய் வரவில்லை. வீடு வரும்வரை என்மேலேயே ஆத்திரம்.

ஜூன் 21
29.5. வீக்கம் முழுசாகப் போகாது, தினமும் நீவணும் என்றாள் பிசியோ பெண். சரி. வளையல் இன்னும் ஏறவில்லை.

பர்ஸில் சீட்டு எழுதி வைத்தேன்: இடது கையில் ஊசி, பிரஷர் பட்டை வேண்டாம்.