யாத்திரை மூட்டை

கதிர்காமத்திற்கு நடந்து செல்லும் அடியார் சிலர், சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்பெறும் எம் மண்டூர் முருகனை வழிபட்டுச் செல்வர். அவர்தம் தோளிலே ஒரு சிறு துணிமூட்டையே காணப்படும். அதனுள் இருப்பனவற்றை நோக்கின், மூட்டை கட்டுதலும் ஒரு கலையென்பது புலனாகும்.

உகந்தை வரையில் வழியிலே ஊருண்டு, கடையுண்டு, அன்னமிடுவோருண்டு. அதற்கப்பால் குமண, யால வனங்கள். யானையும் கரடியும் உலவும் அவ்வனங்களைக் கடக்கச் சில நாட்கள் செல்லும். அங்கே மிகைச்சுமை காலைத் தளர்த்தும். குறைச்சுமை வயிற்றை வாட்டும்.

வேட்டி இரண்டு போதும். ஒன்று உடுக்க, மற்றொன்று பகலிலே சும்மாடு, இரவிலே போர்வை. அரிசியும் பருப்பும் நாள்தோறும் குறைவனவாதலின் அஞ்சவேண்டா. உடன்செல்வோர் பதின்மராயினும் பானை ஒன்றே அமையும். நீரிலே மட்டும் சிக்கனம் ஆகாது. ஒரு லீற்றர் ஒரு கிலோ நிறையே. எனினும் ஆடி வெயிலில் அதனைக் குறைப்பவன் உயிரைப் பணயம் வைக்கிறான்.

விமான நிறுவனங்கள் பல கைப்பைக்கு 7 கிலோ என வரம்பிடுகின்றன. கடல்கடந்து செல்லும் எம் பழைய மாணவர்க்கும் இவ்வடியார் வழக்கம் பயன்படும். நீரைப்போல் விலக்கவொண்ணாத மருந்தையும் கடவுச்சீட்டையும் முதலில் வைக்க. ஏனையவற்றை எடுக்குந்தோறும் மூன்று வினாக்களை எழுப்புக: இஃது இரு பணிக்கு உதவுமா? சென்றவிடத்திலே கிடையாதா? உடன்வருவோரிடம் இல்லையா? குறையச் சுமப்பவன் பிறரை நம்பியே செல்கிறான். அந்நம்பிக்கைக்கு ஈடாக, தன் பானையிலே பிறர்க்கும் சோறாக்க அவன் கடமைப்பட்டவன்.