கறுப்பு வண்டியும் மங்கிய விளக்கும்

கறுப்பு நிறம் அழுக்கை மறைக்கும் என்று கருதுவோர், கறுப்பு மோட்டார் வண்டி ஒன்றைத் தம் கையாற் கழுவி அறியாதவர் ஆவர். வெண்ணிற வண்டியின்மீது படும் ஒளியை அதன் பூச்சிலுள்ள நிறப்பொருள் நாற்புறமும் சிதறடிக்கின்றது. அச்சிதறலின் நடுவே சிறு கீறல் ஒன்றின் மினுக்கம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. கறுப்போ தன்னுட் புகுந்த ஒளியை விழுங்கிவிடுகின்றது. மேற்பரப்பிலே தெறிக்கும் ஒளி மாத்திரமே பார்ப்பவரை வந்தடைகின்றது. ஆதலின் அப்பரப்பில் மயிரிழை அளவு கீறல் விழுந்தாலும் அது வெள்ளிக் கம்பிபோல் மின்னும். கோண்டாவிலின் செம்மண் தூசி அதன்மேற் படிந்தால் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அவ்வூரிலே வாடகைக் கார் ஓட்டி முதுமை எய்திய ஒருவர் இருக்கின்றார். அவருடைய வாழ்வின் பெரும்பகுதி ஒரு கறுப்பு ஒஸ்ரின் ஏ40 வண்டியோடு கழிந்தது. பிரித்தானியாவில் 1950களில் உருவான அவ்வண்டியும், அதன் உறவினரான மொறிஸ் மைனர், கேம்பிரிட்ஜ் முதலியனவும் யாழ்ப்பாணத்து வீதிகளில் எத்துணைக் காலம் உழைத்தன என்பதை அவ்வூரார் அறிவர். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, இயந்திரத்தைக் கிளப்பச் சில துளி பெற்றோலை விட்டு, பின் மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினார்கள். விமானத்துக்கு அஞ்சி முன்விளக்கின் மேற்பாதியிற் கறுப்புக் கடதாசி ஒட்டி அவரும் ஓட்டினார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, அந்த ஒஸ்ரினில் மூன்று குடும்பங்களின் மூட்டைகள் சென்றன. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் தெற்கிலிருந்து வந்த ஒருவர் அதனை விலைக்கு வாங்கிச் சென்றார். வாங்கியவர் அதன் பூச்சிலே தம் முகத்தைப் பார்த்துத் தலைவாரினார் என்பது அயலிலே இன்றும் சொல்லப்படும் செய்தி.

அந்த மெருகு வந்த விதத்தை இங்குக் கூறவேண்டும். பழைய வண்டிகளின் பூச்சு நிறமும் பளபளப்பும் ஒன்றாய்க் கலந்த ஒரே பூச்சு. வெயிலில் அதன் மேற்படை சாம்பல் பூத்து மங்கும். தேய்ப்புப் பசையிட்டுத் துணியால் அழுத்தித் தேய்த்தால் செத்த படை கழன்று, கீழிருக்கும் புதுக் கறுப்பு வெளிப்படும். தேய்க்கும் துணி கறுப்பாக வேண்டும். துணி கறுத்தாற்றான் வேலை நடக்கின்றது என்று பொருள். நாற்பது ஆண்டுகளாய் அவருடைய கை படித்த பாடம் இதுவே.

மகன் 2013இல் வாங்கிய ஜப்பானிய வண்டியும் கறுப்புத்தான். வாங்கிய மறுநாளே பெரியவர் துணியோடு இறங்கிவிட்டார். நாள்தோறும் காலையில் உலர்ந்த துணியாற் தூசியைத் துடைப்பார். வாரத்தில் ஒரு நாள் பசையிட்டுத் தேய்ப்பார். துணி கறுக்கவில்லை. ஆகவே மேலும் அழுத்தித் தேய்த்தார். துணி கறுக்காமைக்குக் காரணம் உண்டு. இக்கால வண்டியிலே கறுப்பின்மேல் நிறமற்ற இன்னொரு பூச்சு இருக்கின்றது. பட்டறைகளில் அதனைக் கிளியர் என்பர். பளபளப்பு அதனுடையது. அது தலைமயிரின் தடிப்பிலும் குறைந்தது. தேய்க்குந்தோறும் அது குறையும், குறைந்தது மீளாது. துணியில் எந்நிறமும் ஏறாமலே அவர் அதனைச் சிறிது சிறிதாய்த் தேய்த்தெடுத்துக் கொண்டிருந்தார்.

சில ஆண்டுகளின் பின் நண்பகல் வெயிலில் வண்டியைப் பார்த்தவர்களுக்குச் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற வட்டங்கள் தெரிந்தன. உண்மையில் அக்கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடப்பவை. ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பன மாத்திரம் மின்னுவதால் அவை வட்டமாய்த் தோன்றுகின்றன. செம்மண் தூசியிலுள்ள நுண்மணலை உலர்ந்த துணியால் இழுத்ததன் விளைவு அது. மகனுக்கு இது தெரியும். ஆயினும் வெகுநாள் அவன் ஒன்றும் சொல்லவில்லை. தந்தை விடியலில் எழுந்து தனக்காகச் செய்யும் ஒரே வேலையைப் பிழை என்று எப்படிச் சொல்வது? ஒருநாள் மாத்திரம், "ஐயா, உலர்ந்த துணியாலை துடைக்காதேங்கோ, கீறுது" என்றான்.

"இந்தக் கை துடைச்ச வண்டியிலை ஆக்கள் முகம் பாத்தவை, தம்பி" என்றார் பெரியவர். பேச்சு அத்தோடு நின்றது.

பூச்சின் கீறல் மனத்தை உறுத்துவதோடு நிற்பது. முன்விளக்கின் மங்கல் அவ்வாறன்று. மகனின் தொழில் இரவிலே கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்வது. வன்னிப் பகுதியில் ஏ9 வீதியின் தார் பகல் வெப்பத்தை இரவிலும் வைத்திருக்கும். அச்சூட்டிற்காக மாடுகள் வீதியில் வந்து படுத்திருக்கும். 2023 தொடக்கத்தில் ஓரிரவு மாங்குளத்திற்கு அப்பால், கரிய எருமை ஒன்றைப் பத்து யார் தூரத்திலேதான் அவன் கண்டான். வண்டி வீதியோரப் புல்லில் இறங்கி நின்றது. பின்னிருக்கையில் ஒரு தாயும் இரு பிள்ளைகளும் இருந்தனர். ஒருவருக்கும் காயமில்லை.

ஒஸ்ரினின் விளக்குக் கண்ணாடி உண்மைக் கண்ணாடி; அது மஞ்சளாவதில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து பரவிய விளக்குகளின் முன்மூடியோ பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்ரிக். எளிதில் உடையாது; ஆனால் வெயிலின் கழியூதாக் கதிர் அதனைக் கெடுக்கும். அதைத் தடுக்கவே தொழிற்சாலையில் மேலே ஒரு காப்புப் படை பூசப்படுகின்றது. ஆண்டுகள் செல்ல அப்படை வெடித்து, மஞ்சளித்து, பால்போல் மங்கும். ஒளி வெளியே செல்லாமல் அதற்குள்ளேயே சிதறிவிடும். மகன் முன்னொருமுறை பற்பசையாற் தேய்த்துப் பார்த்தான். விளக்கு அன்று தெளிந்தது. சில மாதங்களில் முன்னிலும் மோசமாய் மங்கியது. புதிய விளக்குச் சோடி வாங்கலாம் என்றால், 2022இல் ரூபாய் வீழ்ந்தபின் அதன் விலை அவனுடைய பல வார வருமானத்தை விழுங்கும். வேறு வண்டி வாங்கும் பேச்சுக்கும் இடமில்லை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது மீளத் தொடங்கியிருக்கவில்லை.

எருமையின் கதையைக் கேட்ட பெரியவர் அன்று மாலை அரத்தாளோடு வந்தார். விளக்கைச் சுற்றியுள்ள பூச்சிற் கீறல் படாவண்ணம் நாடா ஒட்டச் சொன்னான் மகன். அதை அவர் மறுக்கவில்லை. முதலில் 800ஆம் இலக்கத் தாள். சவர்க்கார நீரில் நனைத்து, கிடையாக ஒரே சீராய் இழுத்தார். மஞ்சட் பால் வழிந்தது. "மஞ்சள் வாற வரைக்கும் பழைய தோல் கிடக்குது எண்டு அர்த்தம்" என்றார். நீர் வெள்ளையானபோது விளக்கு முழுவதும் உறைபனி படிந்ததுபோல் வெளுத்து, முன்னிலும் மோசமாய்த் தெரிந்தது. மகன் அஞ்சினான். இந்த இடத்தில் அஞ்சி விட்டுவிடுவோர் பலர். பெரியவரோ 1500க்கு மாறி, செங்குத்தாய் இழுத்தார், முந்திய தாளின் கோடுகள் மறைந்ததைக் கண்ட பின்னரே 2000க்குச் சென்றார், பின்னர் 3000. ஒவ்வொரு மாற்றத்திலும் கழுவினார். பழைய மணல் ஒன்று எஞ்சினாலும் வேலை பாழாகும். எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவருடைய விரலுக்கே தெரிந்திருந்தது. ஈற்றில் மெருகுப் பசையிட்டுத் தேய்க்க, உள்ளிருந்த குமிழ் நீருக்கடியிற் கிடக்கும் நாணயம்போல் தெளிந்து தெரிந்தது.

"முடிஞ்சுது" என்றார் பெரியவர்.

"இல்லை ஐயா, இனித்தான் தொடக்கம்" என்று மகன் ஒரு சிறு போத்தலை எடுத்தான். காப்புப் படை முற்றாய் நீங்கிய பிளாஸ்ரிக் இப்போது வெயிலுக்கு வெறும் உடம்பாய் நிற்கின்றது. கழியூதாக் கதிரைத் தாங்கும் புதுப் பூச்சு அதற்கு இட்டாக வேண்டும். பற்பசை தோற்றது இதனாலேதான். மதுசாரத்தாற் துடைத்து, விரல் படாமல், ஒரே இழுப்பிற் பூசினான். பெரியவர் அருகிருந்து பார்த்தார். பின்பு வண்டியின் கறுப்பு மூடியைப் பார்த்து, "அப்ப இதுக்கும் மேலை ஒரு தோல் இருக்குதோ?" என்று கேட்டார். மகன் தலையசைத்தான். "நான் உரிச்சுப் போட்டன் என்ன?" என்றார். மகன் மறுமொழி கூறாமல் நாடாவைக் கழற்றத் தொடங்கினான்.

பூச்சு நன்கு காய ஒரு நாள் விட்டு, மறுநாள் இரவு வண்டியை மதிலின் முன் நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். மதிலிற் படிந்த ஒளியின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராயிருந்தது. மகன் கொழும்புப் பயணத்திற்குப் புறப்பட்டான்.

அவன் திரும்பிய நாள் விடியலில் வண்டியெங்கும் செம்மண் படிந்திருந்தது. பெரியவர் தோளில் கிடந்த துணியை எடுத்துக் கொடியிற் போட்டார். கிணற்றிலிருந்து இரண்டு வாளி நீர் கொண்டுவந்தார். மகன் சொல்லியிருந்தபடி ஒன்றிற் சவர்க்காரம், மற்றது துணியை அலச. முதலில் வெறும் நீரை ஊற்றித் தூசியை ஓடவிட்டார். சுண்ணாம்புக் கற்பாறையினின்று ஊறும் அந்நீர் வெயிலில் உலர்ந்தால் கறுப்பின்மேல் வெண்பொட்டுகளை விட்டுச் செல்லும். அதை ஒருவரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. "வெயில் குடிக்க முன்னம் துணி குடிக்க வேணும்" என்று தமக்குள் கூறிக்கொண்டு, ஈரத்தை ஒற்றி எடுக்கத் தொடங்கினார். தேய்க்கவில்லை.