பாட்டுப் பெட்டிக்கு ஒரு பீடம்

மின்பர் என்னும் சொல்லுக்கு ‘நபர’ என்பது வேர் என்று அரபு அகராதியாளர் கூறுவர். உயர்த்துதல் என்பது அதன் பொருள். குரலின் ஏற்றத்தைக் குறிக்கும் ‘நப்ரா’ என்ற சொல்லும் அவ்வேரில் கிளைத்ததே. ஸர்ஃபுப் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்கு இதைச் சொல்லி மகிழ்வது என் வழக்கம். ஓர் இரும்புச் சட்டத்தை விலை பேசுகையில் அது நினைவுக்கு வரும் என்று மட்டும் நான் எண்ணியதில்லை.

என் தங்கை மகன் இஸ்லாமியப் பாடற்குழு ஒன்றில் கீபோர்டு வாசிக்கிறான். மீலாது மேடை, மணவிழா, கந்தூரி என்று ஆண்டு முழுவதும் ஊர் ஊராய்ச் செல்லும் குழு அது. “மத்ரஸா உஸ்தாதுக்கு இதில் என்ன வேலை?” என்று சில அன்பர்கள் புருவம் உயர்த்துவார்கள். அந்த வழக்கு மிகப் பழையது. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் ஸமாஉ குறித்துத் தனிப்பகுதியே வரைந்தார்கள். 950இல் மறைந்த அல்ஃபாராபி இசையைப் பற்றிப் பெருநூல் யாத்தார். அவ்வழக்கை இங்கே நான் விசாரிக்கப் போவதில்லை. என் கவலை ஒரு மனிதரின் விரல்களைப் பற்றியது.

சென்ற ஆண்டு ஒரு மணவிழாவில், மருமகனின் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு அவற்றின்மேல் வைத்திருந்தார்கள். பெட்டியின் எடை பதினெட்டுக் கிலோ. நாகூர் ஹனிபாவின் பாட்டொன்று உச்சத்தை எட்டியபோது, தடித்த தாளவொலியின் அதிர்வில் பெட்டி நூல் நூலாக நகர்ந்து விளிம்புக்கு வந்திருக்கிறது, எவரும் கவனிக்கவில்லை. தபேலாக்காரர் சுருதி கூட்டும் சுத்தியலை எடுக்கக் கையைப் பின்னால் இழுத்தார். அவர் கை இருந்த இடத்தில் பெட்டி விழுந்தது. பத்து விரல்களை நம்பி மூன்று பெண்மக்களை வளர்க்கிறவர் அவர். மறுவாரமே மருமகனை அழைத்துக்கொண்டு இசைக்கருவிக் கடைக்குப் புறப்பட்டேன்.

கடைக்காரர் முதலில் காட்டியது கத்தரிக்கோல் போலக் குறுக்கே மடியும் ஸ்டாண்டு. பார்த்தவுடன் நம் வீடுகளில் உள்ள ரெஹல் பலகை நினைவுக்கு வந்தது. ஒற்றைப் பலகையை ஆணியின்றி அறுத்துக் கோத்த அந்த நுட்பத்துக்கு ஈடு உண்டா? ஆயினும் ரெஹல் தாழ்ந்து, கால் விரித்து அமர்வது, அதனால்தான் அசையாது. இந்த ஸ்டாண்டை உயர்த்த உயர்த்த அதன் அடி குறுகிக்கொண்டே போயிற்று. பாரம் முழுவதும் நடுவிலுள்ள ஒற்றைத் திருகாணியில் நின்றது. வேண்டாம் என்றேன்.

அடுத்தது முக்காலி. மேடு பள்ளமான தரையிலும் மூன்று கால்கள் ஆடாமல் ஊன்றும் என்பது உண்மைதான். ஆனால் இரு கால்களுக்கு இடைப்பட்ட பக்கத்தில் இலேசாகத் தள்ளினாலும் சாய்ந்துவிடும். மணவீட்டு மேடையில் ஓடித் திரியும் குழந்தைகள் எந்தப் பக்கம் இடிப்பார்கள் என்று யார் கண்டார்?

மருமகனுக்கோ உயரமானதன் மீதே கண். “மாமா, உயரமாக இருந்தால்தானே சபைக்குக் கேட்கும்?” என்றான்.

“சபைக்குக் கேட்க மைக்செட்டுக்காரர் இருக்கிறார், தம்பி. இது உன் காதுக்கு” என்றேன்.

இதைச் சற்று விளக்க வேண்டும். கூரிய ஒலி ஒளிக்கற்றை போல் நேர்முகமாகச் செல்லும். தடித்த ஒலி நாற்புறமும் பரவும். பெட்டியைத் தரையில் வைத்தால் தெளிவான ஒலியெல்லாம் வாசிப்பவனின் முழங்காலோடு போய்விடும். தரையும் சேர்ந்துகொண்டு தடித்த ஒலியைப் பெருக்கும்; உள்ளே கூடான மரமேடையென்றால் சொல்லவே வேண்டாம். தனக்குக் கேட்கவில்லை என்று அவன் ஒலியைக் கூட்டுவான். முன்வரிசையில் அமர்ந்த பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பெட்டியை ஒரு முழம் உயர்த்தி, முகத்தைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்துவிட்டால் போதும். பாதி ஒலியிலேயே காரியம் நடக்கும்.

சாய்ப்பதில்தான் சிக்கலும் இருக்கிறது. 1121இல் அல்காஸினி எழுதி முடித்த ‘மீஸானுல் ஹிக்மா’வில் எடையின் மையம் பற்றிய ஆராய்ச்சி உண்டு. தராசைப் பற்றிய நூல் அது. அம்மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால் அது கால்களின் எல்லைக்குள் விழ வேண்டும்; வெளியே விழுந்தால் பொருளும் விழும். பெட்டி பின்னால் சாயும்போது எடையின் மையமும் பின்னால் போகிறது. ஆகவே ஸ்டாண்டின் பின்கால் பெட்டியின் முதுகைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். கடையில் இருந்த சாய்வு ஸ்டாண்டுகள் மூன்றில் இரண்டு இந்தக் கணக்கில் தேறவில்லை.

தேறியது உருக்குக் குழாயால் ஆனது. ஏறக்குறைய மூன்று கிலோ. அலுமினியம் இலேசானது என்று கடைக்காரர் எடுத்துரைத்தார். அந்த அலுமினியக் குழாய் மெல்லியது, மூட்டுகளில் ரிவெட் அடித்தது. ரிவெட் தளர்ந்தால் இறுக்க வழியில்லை. திருகாணி என்றால் ஒரு ஸ்பானர் போதும். பெட்டியின் எடையைப்போல் இருமடங்கு தாங்குமா என்றும் கேட்டு உறுதி செய்துகொண்டோம். பிறகு பெட்டியை அதன்மேல் ஏற்றி, மேல்விளிம்பில் கைவைத்து நாற்புறமும் தள்ளிப் பார்த்தேன். கீபோர்டின் மிகத் தாழ்ந்த கட்டையை மருமகன் நெடுநேரம் அழுத்திக்கொண்டிருக்க, கால்கள் நகர்கின்றனவா என்று குனிந்து கவனித்தேன். கடையில் இருந்தவர்கள் தாடிக்காரர் ஒருவர் தரையில் மண்டியிட்டு எதைத் தேடுகிறார் என்று பார்த்தார்கள். நகரவில்லை.

தட்டையாக மடிகிறது, பேருந்து இருக்கைக்கு அடியில் நுழைகிறது. நள்ளிரவில் விளக்கணைந்த பந்தலிலும் ஒரு கையால் மடக்க முடிகிறது என்கிறான். அடுத்த நிகழ்ச்சியில் தபேலாக்காரர் உட்காருமுன் அதைக் காலால் இரண்டு முறை தள்ளிப் பார்த்தாராம். நான்கு கால்களில் ஒன்றின் ரப்பர் குப்பி இரண்டாம் மாதமே எங்கோ தொலைந்துவிட்டது. கடைக்காரரிடம் தனிக்குப்பி இல்லை. முதியோர் கைத்தடிக்கு மாட்டும் குப்பி எங்கள் தெரு மருந்துக் கடையில் கிடைத்தது. அளவும் சரியாகப் பொருந்தியது.