விளையாட்டுக்கும் மதிப்புரை உண்டு

நூலுக்கு மதிப்புரை எழுதுவோர் உளர். நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இசையரங்குக்கும் எழுதுவோர் உளர். கணினித் திரையில் ஆடும் வீடியோ விளையாட்டுக்கும் மதிப்புரை எழுதப்படுகின்றது என்றும், அதனையே தொழிலாகக் கொண்ட விமர்சகர் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் தோக்கியோவிலும் வாழ்கின்றனர் என்றும் கூறினால், எமது வாசகருட் சிலர் புன்னகை செய்யக்கூடும். அவ்வாறு புன்னகை செய்வோர் ஒருமுறை விலையை விசாரித்துப் பார்ப்பாராக. 2025 ஆம் ஆண்டில் பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டொன்று பெரும்பாலும் 70 அமெரிக்க டொலருக்கு விற்பனையாயிற்று. நிண்டெண்டோ நிறுவனத்தின் 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' 80 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று கணக்கிட்டாலும், ஒன்று இருபத்தோராயிரம் ரூபா, மற்றையது இருபத்துநாலாயிரம் ரூபா ஆகின்றது. இத்தொகையைக் கொடுக்குமுன் யாரேனும் ஒருவரிடம் அபிப்பிராயம் கேட்காத குடும்பம் எமது நாட்டில் இருக்குமோ?

நாம் விளையாடுவோர் அல்லோம். விளையாடியோர் எழுதியவற்றைப் படிப்போர். பல ஆண்டுகளாக இவ்வழக்கம் எமக்கு உண்டு. ஆயினும் இதனாற் குடும்பத்துக்கு ஒரு பயன் விளைந்தது சென்ற ஆண்டிலேதான். எமது மருமகன் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களை எவ்வாறு கழிப்பது என்று எண்ணியிருந்தான். வெகுநாள் எண்ணியதாகத் தெரியவில்லை. ஒருநாட் காலையில் வந்து, “மாமா, இதுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி கிடைச்சிருக்கு. இதை வாங்கித் தாங்கோ,” என்றான்.

அவன் காட்டியது 'போல்டர்ஸ் கேட் 3' என்னும் விளையாட்டு. பெல்ஜியம் நாட்டிற் கெண்ட் நகரிலுள்ள லேரியன் என்னும் நிறுவனம் 2023 ஓகஸ்ட் மாதத்தில் வெளியிட்டது. விமர்சகர் அதனைப் புகழ்ந்தது உண்மையே. ஆடுவோன் எந்த வழியிற் சென்றாலும் கதை அவனுக்கு ஈடு கொடுத்து வளைகின்றது என்றும், பாத்திரங்களின் உரையாடல் நல்ல நாவலொன்றிற் காண்பது போன்றது என்றும் எழுதியிருந்தனர். ஆனால் அதே மதிப்புரைகளை ஆறுதலாகப் படித்தபொழுது வேறு செய்திகளும் தென்பட்டன. குருதியும் சிற்றின்பமும் கதையிற் கலந்துள்ளன. பெகி என்னும் ஐரோப்பிய வயதுக் குறியீடு அதனைப் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கே உரியதென்கின்றது. கதையை நிதானமாக முடிப்பதற்கு ஏறத்தாழ நூறு மணித்தியாலம் செல்லும். தொண்ணூற்றாறு என்ற எண்ணுக்குள் இவற்றுள் ஒன்றும் இல்லை. அவனுக்கோ வயது பதினாறு. உயர்தர வகுப்பு வாசலிற் காத்திருந்தது.

வேண்டாமென்று ஒரு சொல்லிற் கூறிவிடுவது எளிது. அவ்வாறு கூறின், அவன் நண்பன் வீட்டிற் சென்று ஆடுவான் என்பதும் எமக்குத் தெரியும். ஆகவே மேலும் படித்தோம். 2025 மார்ச் மாதத்தில் வெளிவந்த 'ஸ்பிளிற் ஃபிக்ஷன்' என்பதைப் பற்றிய மதிப்புரைகள் எம்மைக் கவர்ந்தன. சுவீடன் நாட்டு ஹேஸ்லைற் நிறுவனத்தார் ஆக்கியது; விலை 50 டொலர். இதனைத் தனியொருவர் ஆட இயலாது. இருவர் சேர்ந்தே ஆடவேண்டும். தத்தம் கற்பனைக் கதைக்குள் அகப்பட்டுக்கொண்ட இரு பெண் எழுத்தாளர் தப்பி வெளியேறுவதே கதை. ஆடும் முறை கணத்துக்குக் கணம் புதுமை கொள்கின்றது என்று விமர்சகர் மெச்சினர்; கதையும் பேச்சும் பழகிப்போன சரக்கு என்று அவர்களே குறையும் கூறினர். வாங்கிக் கொடுத்தோம். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த அவனுடைய தமக்கை உடன் ஆடினாள். அவ்விருவரும் ஒருவரோடொருவர் பத்து வார்த்தை சேர்ந்தாற்போற் பேசி நெடுநாளாகியிருந்தது. கதாநாயகியர் பன்றிகளாக உருமாறி, ஈற்றிற் சொசேஜாக முடியும் ஒரு கட்டத்திலே, இருவரும் சிரித்த சிரிப்பு அடுக்களை வரை கேட்டது. கதை பழையதுதான் என்று மருமகள் எம்மிடம் தனியே கூறினாள். விமர்சகர் கூறியதில் இரண்டு பாதியும் சரியாயிருந்தன.

எண்ணைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 'மெற்றாகிரிற்றிக்' என்னும் இணையத்தளம் 2001 ஆம் ஆண்டிலே தோன்றியது. பல பத்திரிகைகள் வழங்கும் புள்ளிகளைத் திரட்டி, நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணாகச் சுருக்கித் தருவது அதன் பணி. சில பத்திரிகைகளின் கருத்துக்கு ஏனையவற்றிலும் அதிக நிறை கொடுக்கப்படுகின்றது. எதற்கு எவ்வளவு என்பதை அவர்கள் வெளியிடுவதில்லை. வாங்குவோர்க்கு இது வசதியே. ஆனால் ஆக்குவோர்க்கு எவ்வாறு அமைந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2010 இல் 'ஃபோல்அவுட்: நியூ வேகஸ்' என்னும் விளையாட்டை ஒப்சிடியன் நிறுவனத்தார் ஆக்கினர். மெற்றாகிரிற்றிக்கில் 85 புள்ளி கிடைத்தால் மேலதிகக் கொடுப்பனவு என்பது ஒப்பந்தம். கிடைத்தது 84. அந்த ஒரு புள்ளிக் குறைவால் கொடுப்பனவு இல்லாமற் போயிற்று என்ற செய்தி 2012 இல் வெளியாயிற்று. எங்கோ ஒரு விமர்சகர், மாலைத் தேநீருக்குமுன் எட்டுப் போடுவதா ஏழரை போடுவதா என்று தயங்கி ஏழரை போட்டிருப்பார். அவர் கை எவருடைய அடுப்பின்மேல் இருந்தது என்பதை அவர் அறிந்திருக்கமாட்டார். (இசட் புள்ளியின் மூன்றாம் நான்காம் தசமத் தானத்திற் பிள்ளைகளின் வருங்காலத்தைத் தொங்கவிடும் நாட்டிலிருந்து நாம் இதனைக் கண்டு வியப்பது சிறிது வேடிக்கைதான்.)

யப்பானிய இதழான 'ஃபமிட்சு' நால்வரைத் தனித்தனியே ஆடச் செய்து, ஒவ்வொருவரும் பத்துக்கு இட்ட புள்ளியைக் கூட்டி நாற்பதுக்குத் தருவது வழக்கம். நால்வரும் நான்கு விதமாக எழுதினால் வாசகன் நால்வரையும் கேட்டதுபோலாகும். அம்முறை எமக்குப் பிடித்தமானது. 1986 இல் தொடங்கிய அவ்விதழ் முழு நாற்பதையும் முதன்முறையாகக் கொடுத்தது 1998 இலேதான். 'செல்டா' வரிசையில் வந்த 'ஒக்கரினா ஒஃப் ரைம்' அப்பேற்றைப் பெற்றது.

விமர்சகர் பரிகாசத்துக்கு ஆளாவதும் உண்டு. பிரித்தானிய இதழான 'எட்ஜ்' 1994 இல், உலகெங்கும் புகழ்பெற்ற 'டூம்' என்னும் சுடும் விளையாட்டுக்குப் பத்துக்கு ஏழு மாத்திரமே கொடுத்தது. எதிர்ப்படும் பூதங்களைச் சுட்டுத்தள்ளுவதற்குப் பதிலாக அவற்றோடு பேச முடிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அம்மதிப்புரையாளர் ஏக்கத்தோடு முடித்திருந்தார். பூதத்தோடு பேச்சா என்று பல ஆண்டுகள் சிரித்தனர். 2015 இல் 'அண்டர்ரேல்' என்னும் சிறிய விளையாட்டு வந்தது. அதிலே பூதங்களோடு பேசலாம். ஒன்றையும் கொல்லாமலே கதையை முடிக்கலாம். மக்கள் அதனைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். அந்த ஏழு புள்ளி மதிப்புரை, புகழ்ந்து எழுதிய எத்தனையோ மதிப்புரைகளிலும் நெடிய பார்வை உடையது என்பதே எமது எண்ணம்.

பரிகாசத்துக்கு ஆளாவது வேறு. ஏமாற்றத்துக்குத் துணைபோவது வேறு. 2020 டிசெம்பரில் 'சைபர்பங்க் 2077' வெளிவந்தபொழுது நிகழ்ந்தது இரண்டாவது வகை. வெளியீட்டுக்கு முன்னர் விமர்சகருக்குக் கொடுக்கப்பட்டது கணினிப் பதிப்பு மாத்திரமே. தாம் ஆடியதைத் தாமே படம்பிடித்துக் காட்டவும் அவர்களுக்கு அனுமதியில்லை. நிறுவனம் தந்த காட்சிகளையே காட்டவேண்டியிருந்தது. கணினிப் பதிப்பை அவர்கள் மெச்சினர். அம்மெச்சுதலை நம்பிப் பழைய பிளேஸ்ரேஷன் 4 பொறிக்கு வாங்கியோர், தடுமாறி நின்றுவிடும் படங்களையும் காற்றில் மிதக்கும் மனிதரையுமே கண்டனர். சில நாட்களுள் சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையிலிருந்து அகற்றிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீண்டும் விற்பனைக்கு வந்தது 2021 யூன் மாதத்தில். பின்னர் ஆண்டுக்கணக்காகத் திருத்தினர். 2023 இல் அதே விளையாட்டின் விரிவுப் பகுதி வந்தபொழுது விமர்சகர் மனமாரப் பாராட்டினர். அச்சேறிய நூல் அச்சேறியவாறே இருக்கும். விளையாட்டோ வாங்கிய பின்னரும் மாறிக்கொண்டிருக்கும் பொருள். எனவே மதிப்புரையின் தேதியையும், எந்தப் பொறியில் ஆடினார் என்பதையும் பாராமல் நாம் ஒன்றையும் நம்புவதில்லை.

2025 இல் வெளிவந்தவற்றுள் விமர்சகர் ஒருமுகமாக உச்சிமேற் கொண்டது, பிரான்சின் மொன்பெலியே நகரிலிருந்து ஏப்ரலில் வந்த 'கிளேர் ஒப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' ஆகும். ஆண்டுக்கொருமுறை ஓவியமங்கையொருத்தி பெருந்தூண் ஒன்றிலே ஓர் எண்ணை எழுதுகின்றாள்; அவ்வயதினர் யாவரும் பூவிதழாய் உதிர்ந்து மறைகின்றனர். எண் ஆண்டுதோறும் இறங்கி வருகின்றது. அது முப்பத்துமூன்றை அடையும் ஆண்டில், அவளைத் தடுக்கச் சிலர் புறப்படுகின்றனர். இக்கதையின் துயரை எல்லா விமர்சகரும் போற்றினர். வழிகாட்டும் சிறு வரைபடம் இல்லாமையாற் காட்டில் அலைந்தோம் என்று சிலர் முணுமுணுத்தனர். சிறியதொரு குழு இத்துணைப் பெரியதைச் செய்ததென்பது வியப்பாகப் பேசப்பட்டது. வெளியிலிருந்து கூலிக்கு உழைத்தோரையும் எண்ணிச் சொல்லுங்கள் என்று வேறு சிலர் நினைவூட்டியது நியாயமே. அவ்வாண்டு டிசெம்பரில் 'கேம் அவார்ட்ஸ்' விழாவிலே ஆண்டின் சிறந்த விளையாட்டு எனும் பரிசு இதற்குக் கிடைத்தது.

அதே ஏப்ரலில் வந்த 'புளூ பிரின்ஸ்' எமக்கு இன்னும் விருப்பமானது. நாற்பத்தைந்து அறைகள் கொண்ட மாளிகையிலே நாற்பத்தாறாவது அறையைக் கண்டுபிடிக்கவேண்டும். அறைகளின் அமைப்போ நாளுக்கு நாள் மாறும். விடை தெரிந்தும், வேண்டிய அறை வாய்க்காமற் பலநாள் வீணாயிற்று என்று ஒரு சாரார் சலித்துக்கொண்டனர். கையில் ஒரு குறிப்புப் புத்தகத்தை வைத்து எழுதிக்கொண்டே ஆடுவதிலுள்ள இன்பத்தை மற்றொரு சாரார் பாடினர். இருவர் எழுதியதும் ஒரே உண்மை. பொறுமையற்றவர் முன்னதைப் படித்து விலகிவிடலாம்.

அவுஸ்திரேலியாவின் அடிலேய்ட் நகரிலிருந்து 'ஹொலோ நைற்: சில்க்சோங்' செப்ரெம்பர் 4 ஆந் திகதி வந்தது. 2019 இல் அறிவிக்கப்பட்டு ஆறாண்டுகள் எதிர்பார்க்கப்பட்ட இதற்கு விமர்சகருக்கு முற்பிரதி வழங்கப்படவில்லை. எல்லோரும் ஒரே வேளையில் வாங்க முயன்றமையால் இணையக் கடைகள் தடுமாறின. விமர்சகரும் வரிசையில் நின்றவரே. பாதி ஆடிய நிலையிற் பாதி மதிப்புரை எழுதினர். அளவுக்கு மீறிக் கடினமானது என்ற முறைப்பாடு எழுந்தது. ஆக்கியோர் தொடக்கப் பகுதியைச் சற்றே தளர்த்தினர். சீன மொழிபெயர்ப்பு பழைய செய்யுள் நடைபோல விளங்காது கிடக்கின்றதென்று சீன ஆட்டக்காரர் சினந்தெழுந்தது தனிக்கதை. ஆங்கில விமர்சகர் எவரும் அதனை முற்கூட்டி அறிந்திருக்க நியாயமில்லை.

அதற்காக விமர்சகரை ஒதுக்கிவிட்டுப் பொதுமக்களின் வாக்கை நம்பலாமோ எனின், அங்கும் வில்லங்கம் உண்டு. 2020 யூனில் வெளிவந்த 'தி லாஸ்ற் ஒஃப் அஸ்' இரண்டாம் பாகம் முடிப்பதற்கு இருபது மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். வெளியான சில மணித்தியாலத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கானோர் அதற்குப் பூச்சியம் இட்டனர்! அதன்பின், வெளியீட்டிலிருந்து முப்பத்தாறு மணித்தியாலம் கழியும்வரை பொதுமக்களிடம் கருத்து ஏற்பதில்லை என்று மெற்றாகிரிற்றிக் விதி செய்தது.

இனி எமக்கு நெருங்கிய ஒன்று. கனடாவின் ரொறன்ரோ நகரிலே விசை என்னும் நிறுவனத்தார் ஆக்கி 2023 யூலையில் வெளியிட்ட விளையாட்டின் பெயர் 'வெண்பா'. 1988 இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவிற் குடியேறிய வெண்பா என்னும் பெண், தன் தாயின் கிழிந்த சமையற் குறிப்பேட்டைப் பார்த்து இட்டலியும் புட்டும் பிறவும் ஆக்குவதே ஆட்டம். மகன் வளர வளரத் தமிழும் அவனைவிட்டு விலகுகின்றது. குறிப்பேட்டில் அழிந்துபோன வரிகளை ஆடுவோர் ஊகித்து நிரப்பவேண்டும். 2024 இல் பிரித்தானியாவின் பஃப்ரா பரிசுகளுள் முதற் படைப்புக்குரிய பரிசு இதற்குக் கிடைத்தது. விமர்சகர் ஓவியத்தையும், வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையை நினைவூட்டும் பாடல்களையும் பாராட்டினர். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடுகின்றதே என்று பலர் குறைப்பட்டனர். தமிழறியாத விமர்சகர் சிலர் தத்தம் பாட்டியரின் அடுக்களையை நினைந்து எழுதிய பகுதிகள் எம்மை உருக்கின.

மருமக்கள் இருவரும் இதனை ஆடிய மாலையில், எமது தமக்கையாரும் பின்னால் வந்து நின்றார். கணினியருகே அவர் வருவது அருமை. புட்டுக்குழல் திரையிலே தோன்றியதும் உற்று நோக்கினார்.

“இது குழற்புட்டு. எங்கடை வீட்டிலை அம்மா நீத்துப்பெட்டியிலையெல்லோ அவிக்கிறவ,” என்றார். பின்பு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்து, மா எந்தப் பதத்தில் இருக்கவேண்டும், பனையோலைப் பெட்டியின் வாசம் புட்டில் எவ்வாறு ஏறும் என்பதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். ஆட்டம் நின்றுபோயிற்று. நீத்துப்பெட்டி என்றால் என்னவென்று மருமகன் கேட்டான். எம் வீட்டில் இப்போது ஒன்றும் இல்லை. மறுநாட் சந்தைக்குப் போன தமக்கையார் தேடிப்பார்த்து ஒன்று வாங்கிவந்தார்.