பார்த்த இடத்தைப் பார்க்கப் போதல்

நம் நாட்டுப் பாடசாலைச் சுற்றுலாவுக்கென்று எழுதப்படாத ஒரு பாதை உண்டு. கண்டி, பேராதனை, நுவரெலியா ஒரு வருடம். கொழும்பும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையும் இன்னொரு வருடம். கிராமத்துப் பிள்ளையொன்று தரம் ஐந்தில் ஒரு தடவை, எட்டில் ஒரு தடவை, பதினொன்றில் ஒரு தடவை என்று அதே வாயிலால் நுழைந்து அதே வாயிலால் வெளியேறும். ஆசிரிய கலாசாலையை விட்டு வந்த நாள் தொட்டு நானும் அந்தப் பிள்ளைகளோடு பேராதனைக்குப் போய் வருகிறேன்.

ஒருமுறை தரம் பதினொன்றில் சுற்றுலா விபரத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பின்வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்: "சேர், இந்த முறையும் பேராதனையா? அதத்தான் பாத்தாச்சே!"

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். சுற்றுலாக் காசை மூன்று தவணையாகக் கட்டுகின்ற குடும்பம். பார்த்ததையே பார்ப்பதற்கு அந்தக் காசு ஏன் என்பது நியாயமான கேள்விதான்.

உலகத்தின் பெரிய கேளிக்கைப் பூங்காக்களை நடத்துவோரையும் இதே கேள்விதான் விரட்டிக்கொண்டிருக்கிறது. கலிபோர்னியாவில் 1955இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் 'ஸ்டார் டூர்ஸ்' என்றொரு விண்வெளிப் பயணம் 1987இல் தொடங்கியது. எத்தனை தடவை ஏறினாலும் ஒரே கதைதான். 2011இல் அதைப் புதுப்பித்தபோது, காட்சித் துண்டுகள் மாறி மாறிக் கோக்கப்பட்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட விதங்களில் பயணம் அமையும்படி செய்தார்கள். நேற்று ஏறியவர் இன்றும் ஏறினால் வேறொரு பயணம் கிடைக்கக் கூடும். காசும் கருவியும் உள்ளவர்கள் கண்ட வழி அது.

1821இல் தொடங்கப்பட்ட பேராதனைப் பூங்காவுக்கு அந்தச் செலவு தேவையில்லை. 147 ஏக்கரும் தானாகவே மாறிக்கொண்டிருக்கின்றன. தாளிப்பனை தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். அதற்கு முப்பது வருடமும் செல்லலாம், எண்பது வருடமும் செல்லலாம். பூத்துக் காய்த்தபின் மரம் செத்துவிடும். இரட்டைத் தேங்காய் முற்றுவதற்கு ஆறேழு வருடங்கள் வேண்டும். தரம் ஐந்தில் ஒரு பிள்ளை கண்ட இளங்காய், அவன் தரம் பதினொன்றுக்கு வரும்போதும் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கலாம். இடம் மாறாமலில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் ஓடிச் சுற்றிவிட்டு பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு அந்த மாற்றம் தெரியாது, அவ்வளவுதான்.

அதிபரிடம் கேட்டு ஓர் ஏற்பாடு செய்தேன். முதல் தடவை வரும் சின்னப் பிள்ளைகள் வழமைபோல எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கட்டும். முன்னர் வந்த பெரிய பிள்ளைகள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு மரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மரத்தடியில் ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும். நூல் பிடித்துச் சுற்றளவு எடுத்து, இலை, பூ, காய் என்று கண்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். கொப்பி பாடசாலை அலுமாரிக்கு வரும். அடுத்த சுற்றுலாவில் அது வேறு பிள்ளைகளின் கைக்குப் போகும்.

எல்லோருக்கும் இது பிடித்ததென்று சொல்ல மாட்டேன். ஓர்க்கிட் வீட்டுப் பக்கம் போகவில்லையென்று இரண்டு பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "ஒத்த மரத்தப் பாக்கவா சேர் இவ்வளவு காசி கட்டின?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவருடைய மகள், "உம்மா, 1901ல அரச குடும்பத்து ஆக்கள் நட்ட நாகலிங்க மரம் அது. எங்கட நூல் எட்டாமப் போச்சி" என்றாள். தாய் உட்கார்ந்துவிட்டார். சமாதானமானாரா என்பது வேறு விடயம்.

2020க்குப் பிறகு தொற்றுநோயும், 2022இன் எரிபொருள் நெருக்கடியும் எங்கள் சுற்றுலாக்களை நிறுத்திப்போட்டன. மீண்டும் தொடங்கியபோது பஸ் கூலி பல மடங்காகியிருந்தது. வருடந்தோறும் போவோம் என்ற உறுதி இப்போது இல்லை. அடுத்த தடவைக்கென்று எதையாவது மிச்சம் வைக்கச் சொல்ல எனக்கும் தயக்கம்தான். ஆனாலும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிள்ளைகள் திரும்பிப் போவதைப் பற்றிப் பேசுவதில்லை. கொப்பி எழுதியவர்கள்தான், பாடசாலையை விட்டுப் போன பின்பும், வழியில் கண்டால் தங்கள் மரத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

பின்வாங்கில் இருந்து கேள்வி கேட்டவன் எடுத்தது தாளிப்பனையை. அந்தக் கொப்பியில் இதுவரை மூன்று குழுக்கள் எழுதியிருக்கின்றன. மூன்று தடவையும் 'பூக்கவில்லை' என்றே இருக்கிறது. இந்த வருடமும் அந்தக் கொப்பிக்குத்தான் போட்டி.