கொக்கியும் அளவுகோலும்

பொம்மை ரயிலைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். எந்த நாட்டு இஞ்சின், என்ன விலை, புகை வருமா என்று விசாரிக்கிறார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மூக்குத்தி அளவில் தொங்கும் கொக்கியைப் பற்றி இதுவரை ஒருவரும் நம்மிடம் கேட்டதில்லை. ஆனால் ஓடும் ரயில் இரண்டாய்ப் பிரிந்து, பின்பாதி நடுவழியில் அநாதையாக நின்றுவிட்டால், குற்றம் அநேகமாய் அந்தக் கொக்கியினுடையதாகத்தான் இருக்கும்.

நிஜ ரயிலில் இது விளையாட்டு விஷயமன்று. வண்டிகளுக்கு நடுவே புகுந்து கையை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் பலர். அமெரிக்கரான ஈலி ஜானி, மடக்கிய விரல்கள் ஒன்றையொன்று பற்றுவது போன்ற இணைப்பு ஒன்றுக்கு 1873-ல் உரிமை பெற்றார்; மோதினால் அது தானே பூட்டிக்கொள்ளும். ஆள் நடுவே புகாமல் இணையும் சாதனம் வேண்டும் என்று அந்நாட்டில் 1893-ல் சட்டமே செய்தார்கள். நம் நாட்டுப் பிரயாணிப் பெட்டிகளிலோ நெடுங்காலம் வழங்கியது இரு பக்கமும் பஃபரும் நடுவே திருகு இணைப்புந்தான். அதை ஆள் குனிந்து புகுந்துதான் மாட்ட வேண்டும்.

ஜானியின் விரல்களைக் குன்றிமணி அளவுக்குச் சுருக்கினால் கிடைப்பது 'கேடி' இணைப்பு. பெயரைக் கேட்டு நேயர்கள் போலீஸை நினைக்க வேண்டாம். அதை உண்டாக்கிய கீத், டேல் என்னும் இரட்டைச் சகோதரர்களின் முதலெழுத்துக்களே அவை. அதன் கீழே வளைந்த எஃகுக் கம்பி ஒன்று தொங்கும். தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த காந்தம் அக்கம்பிகளை விலக்கினால் விரல்கள் திறந்து, பெட்டிகள் பிரியும். கம்பி தாழ்ந்தால் பாதை பிரியும் 'பாயிண்ட்'டில் சிக்கும். உயர்ந்தால் காந்தத்துக்கு எட்டாது.

ஆகவே உயரந்தான் முக்கியம். பலர் ஒரு பெட்டியின் கொக்கியைப் பார்த்து அடுத்த பெட்டியின் கொக்கியைச் சரி செய்கிறார்கள். முதற் பெட்டியே கோணலாயிருந்தால் அந்தக் கோணல் கடைசிப் பெட்டி வரையில் பரம்பரைச் சொத்தாக இறங்கும். தண்டவாளத்தின் மேல் உட்காரும் சிறிய அளவுகோல் ஒன்று உண்டு; அதில் சரியான உயரத்தில் ஒரு கொக்கி இருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் அதற்கு எதிரே நிறுத்திப் பார்ப்பதே முறை.

மாலையில் நம் வீட்டு மாடியில் கூடும் மாணவர்களில் ஒருவன் தச்சர் மகன். மரச்சில்லுகளைக் கொண்டு தானே ஒரு சாமான் வண்டி செய்து வந்தான். சக்கரங்களும் கொக்கிகளும் மட்டும் நாம் கொடுத்தவை. தண்டவாளம் சற்றே மேடான ஓரிடத்தில், அவனுடைய வண்டிக்கு முன்னால் ரயில் தவறாமல் அறுந்தது. "சார், இதை எடுத்து விடலாம். கையால் செய்தது அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் மற்றவர்கள். அவன் ஒன்றும் பேசாமல் வண்டியை எடுத்துத் துணியில் சுற்றத் தொடங்கினான்.

அதை வாங்கி அளவுகோலுக்கு எதிரே வைத்தோம். மயிரிழை பிசகில்லை. முன்னால் இருந்த சீமைப் பெட்டியை வைத்தோம். கொக்கி தலை குனிந்து நின்றது. மாடியில் பேச்சு மூச்சில்லை.

குறடால் கொக்கியை நிமிர்த்தலாம் என்று ஒருவன் எழுந்தான். கூடாது. குறடு பட வேண்டியது கீழே தொங்கும் கம்பியில் மட்டுமே. கொக்கி தாழ்ந்திருந்தால் சக்கரச் சட்டத்துக்கும் பெட்டிக்கும் நடுவே மெல்லிய வாஷர் இட்டுப் பெட்டியை உயர்த்த வேண்டும். உயர்ந்திருந்தால், கொக்கியின் கூட்டுக்கும் பெட்டியின் அடித்தளத்துக்கும் நடுவே இட்டுக் கொக்கியைத் தாழ்த்த வேண்டும். கொக்கி இறுகியிருந்தால் கிராபைட் பொடி போதும். எண்ணெய் இட்டால் தூசி சேரும். கடைசியாக, மிகக் குறுகிய வளைவில் வண்டித் தொடரை மெல்லப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். இழுக்கும்போது தெரியாத கோளாறு தள்ளும்போது தெரிந்துவிடும்.

ஒரே ஒரு வாஷரில் சீமைப் பெட்டி நிமிர்ந்தது. தச்சர் மகனின் வண்டி இருபது சுற்று ஓடியது.

"அளவுகோலை இன்று ராத்திரி வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா, சார்?" என்று கேட்டான். கொடுத்தோம். மறுநாள் பித்தளைத் தகட்டில் அதே போல் ஒன்று அறுத்துக் கொண்டு வந்துவிட்டான். பித்தளை மின்சாரத்தைக் கடத்துமாகையால், கரண்டை நிறுத்திய பிறகே அதைத் தண்டவாளத்தில் வைக்க வேண்டுமென்று மட்டும் சொன்னோம்.