குதிரையின் ஊரும் காளையின் ஊரும்

இத்தாலி தேசத்தின் வடபாகத்திலே, போ நதி பாயும் சமவெளியில், மரனெல்லோ என்றும் சாந்தாகத்தா என்றும் இரண்டு சிற்றூர்கள் உள. நேர்கோட்டில் அளந்தால் அவற்றிடையே உள்ள தூரம் ஏறக்குறைய 25 கிலோமீற்றர்தான். ஒன்றிலே பெராரி மோட்டார்க் கார்கள் பிறக்கின்றன. மற்றதிலே லம்போர்கினிக் கார்கள் பிறக்கின்றன. இவற்றுள் எது சிறந்தது என்று உலகத்துச் செல்வர்களும், செல்வமில்லாத மாணவர்களும் அறுபது வருஷங்களாக வாதாடி வருகின்றார்கள்.

அந்த வாதம் எங்கள் குடும்பத்திலும் நுழைந்துவிட்டது. ஜேர்மனியில் யந்திரப் பொறியியல் கற்கும் என் தமக்கையின் மகன், படிப்பு முடிந்ததும் இவ்விரு தொழிற்சாலைகளுள் ஒன்றிலே பயிற்சிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருந்தான். எதற்கு என்பதுதான் அவனுக்குத் தீராத ஐயம். "மாமா, நீங்களும் வாருங்கோ, இரண்டு ஊரையும் நேரிலே பார்த்துப்போட்டு முடிவு செய்வம்" என்று எழுதினான். மோட்டார் வண்டியைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பெற்றோல் தீர்ந்தால் அது நின்றுவிடும் என்பதுதான். ஆயினும் புதிய ஊர் பார்க்கும் ஆசையால் உடன்பட்டேன்.

மருமகனிடம் பழைய வொக்ஸ்வாகன் கார் ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டு முதல் லம்போர்கினிக் கம்பனி, வொக்ஸ்வாகன் கூட்டத்தைச் சேர்ந்த அவுடியின் உடைமையாகிவிட்டபடியால், தன் காரும் லம்போர்கினியும் ஒரு வீட்டுப் பிள்ளைகளே என்பது அவன் வாதம். அந்த ஏழைச் சகோதரனில் ஏறி, பொலொஞா நகரிலிருந்து 'வியா எமிலியா' என்னும் பெருவீதி வழியே புறப்பட்டோம். கிறிஸ்துவுக்கு முன் 187இலே உரோமர் அமைத்த வீதி அது. இருமருங்கும் வயல்கள், செங்கற் பண்ணை வீடுகள், திராட்சைத் தோட்டங்கள். மொடெனா நகரத்தார் திராட்சைச் சாற்றிலிருந்து செய்யும் வினாகிரியைக் குறைந்தது பன்னிரண்டு வருஷம் மரப்பீப்பாய்களில் கிடத்தி வைக்கின்றார்கள். உண்ணும் பொருளில் இவ்வளவு பொறுமை காட்டும் மக்கள் வண்டியில் ஏறினால் மட்டும் ஏன் இப்படிப் பறக்கின்றார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

மொடெனாவிலிருந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் மரனெல்லோ. ஊர் முழுவதும் சிவப்பு நிறம். கடைப் பலகையிலும் கொடியிலும் பின்னங்காலில் நிற்கும் கறுப்புக் குதிரையின் உருவம். பெராரிக் கார் சர்வதேசப் பந்தயம் ஒன்றில் வென்றால் இங்குள்ள சான் பியாஜோ தேவாலயத்தின் மணி ஒலிக்கும் வழக்கம் உண்டு. அந்தக் குதிரை, முதலாம் உலக யுத்தத்தில் மாண்ட பிரான்செஸ்கோ பராக்கா என்னும் விமான வீரரின் சின்னம். மகனை இழந்த பெற்றோரை 1923இல் என்சோ பெராரி சந்தித்தார் என்றும், அதிர்ஷ்டம் தரும் என்று கூறித் தாயார் அச்சின்னத்தை அவருக்களித்தார் என்றும் சொல்லப்படுகிறது. குதிரையின் பின்னாலுள்ள மஞ்சள், மொடெனா நகரின் நிறம்.

என்சோ பெராரி 1898இல் மொடெனாவிலே பிறந்தவர். 1929இல் பந்தயக் குழு ஒன்றைத் தாபித்து, பல வருஷங்கள் அல்பா ரோமியோக் கம்பனியின் வண்டிகளை ஓட்டுவித்தார். 1943இல் தம் பட்டறையை மரனெல்லோவுக்கு மாற்றினார். மறு வருஷமே அதன்மீது குண்டு வீழ்ந்தது. யுத்தம் முடிந்தபின், 1947 மார்ச் மாதத்தில், பெராரி என்ற பெயர் தாங்கிய முதற் கார் அந்த வாயிலைக் கடந்து வீதிக்கு வந்தது. என்ஜின் ஒன்றரை லீற்றர்தான். ஆனால் சிலிண்டர்கள் பன்னிரண்டு. அவர் மனமெல்லாம் பந்தயத்திலேயே இருந்தது. செல்வர்களுக்கு வீதிக் கார்களை விற்றது, அந்தப் பணத்தால் பந்தயக் கார்களைச் செய்வதற்காகவே.

இதை மனத்திற்கொண்டாற்றான் மற்றவரின் கோபம் விளங்கும். 1916இல் றெனாட்சோ என்னும் சிற்றூரில் விவசாயக் குடும்பத்திலே பிறந்த பெருச்சியோ லம்போர்கினி, யுத்தத்தில் எஞ்சிய யந்திரங்களின் பாகங்களைக் கொண்டு 1948 முதல் உழவு யந்திரங்கள் செய்து பெருஞ் செல்வரானார். (பொலொஞாவுக்கு அண்மையில் அவர் பெயரால் உள்ள நூதனசாலையில் அந்த உழவு யந்திரங்களை இன்றும் காணலாம்.) அவர் வாங்கிய பெராரிக் கார்களின் கிளச் அடிக்கடி பழுதுபட்டதாம். முறையிடச் சென்றவரிடம், "உனக்கு உழவு யந்திரம் ஓட்டத் தெரியும், பெராரி ஓட்டத் தெரியாது" என்ற கருத்துப்பட என்சோ மறுமொழி சொன்னாராம். கதையைப் பலர் பலவாறு சொல்வர், பெருச்சியோவே சொல்லியிருக்கிறார். உண்மை எவ்வளவாயினும், 1963இல் சாந்தாகத்தா ஊர்ப்புறத்து வெறும் நிலத்தில் அவருடைய கார்த் தொழிற்சாலை எழுந்தது. இடப ராசியிற் பிறந்தவராதலால் காளையைச் சின்னமாகக் கொண்டார். தம் கம்பனி பந்தயத்தில் இறங்கக் கூடாதென்பது அவர் கட்டளை.

சாந்தாகத்தாவில் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது 'மியூரா' என்ற கார்தான். முப்பது வயது நிரம்பாத பொறியியலாளர்களான டல்லாராவும் ஸ்டன்சானியும் அதனை ஆக்கினார்கள். பன்னிரண்டு சிலிண்டர் கொண்ட, ஏறக்குறைய 4 லீற்றர் என்ஜினைச் சாரதியின் முதுகுக்குப் பின்னே குறுக்காக வைத்தார்கள். மேலுடல் இல்லாத வெறும் அடிச்சட்டத்தை 1965இல் தூரின் கண்காட்சியில் வைத்தபோதே வாங்குவோர் சூழ்ந்து கொண்டனர். மறு வருஷம் மார்செல்லோ கந்தீனி வரைந்த உடலோடு அது ஜெனீவாவில் தோன்றியது. வலு 350 பரிவலு. என்சோ பெராரியோ, குதிரை வண்டியை இழுக்க வேண்டுமேயன்றித் தள்ளக் கூடாது என்ற கொள்கையினர். ஆகவே 1968இல் அவர் கொடுத்த பதிலாகிய 'டேற்றோனா'வில் 4.4 லீற்றர் என்ஜின் முன்னேயே இருந்தது. வலு 352 பரிவலு. வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர்.

எது மேல்? அழகில் மியூராவுக்கு இணையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதன் பெற்றோல் தாங்கி முன்புறத்தில் இருந்தது. பெற்றோல் குறையக் குறைய முன்புறம் இலேசாகி, பெருவேகத்தில் மூக்கை உயர்த்தத் தொடங்கும். என்ஜினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் முதலில் ஒரே ஒயில். கியரிலே தேயும் இரும்புத் துகள் என்ஜினுக்குள்ளும் போகும். டேற்றோனா பாரமான வண்டி. மெதுவாகச் செல்கையில் திருப்புவதற்குத் தோள் வலிமை வேண்டும். நெடுவீதியிலோ நாள் முழுதும் நம்பி ஓட்டலாம். தினந்தோறும் ஓட்டுபவனுக்கு டேற்றோனாவே தக்கது. ஆயினும் 1973இல் பெராரியும் தன் பன்னிரண்டு சிலிண்டர் வீதிக் காரில் என்ஜினைச் சாரதிக்குப் பின்னே வைத்துவிட்டது. கொள்கையில் தோற்றவர் என்சோதான்.

மருமகன் கையிலே ஒரு குறிப்புப் புத்தகம். இரண்டு பத்தி வரைந்து, 2019இல் வெளிவந்த இரண்டு கார்களின் விபரங்களை அதில் எழுதியிருந்தான். பெராரி எப்8: 3.9 லீற்றர், எட்டுச் சிலிண்டர், இரண்டு டேர்போ, 720 பரிவலு. லம்போர்கினி ஹுறக்கான் இவோ: 5.2 லீற்றர், பத்துச் சிலிண்டர், டேர்போ இல்லை, 640 பரிவலு. நான்கு சக்கரங்களும் உந்தும். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தை எய்த இரண்டுக்கும் 2.9 செக்கன். 200 வேகத்தை எய்தப் பெராரிக்கு 7.8 செக்கன், மற்றதற்கு 9. வலுக் குறைந்தது தொடக்கத்தில் சமமாய் நிற்பது, நான்கு சக்கரங்களும் நிலத்தைப் பற்றுவதால் என்று விளக்கினான். இரண்டும் அமெரிக்காவில் இரண்டரை இலட்சம் டொலருக்கு மேல் விற்றன. பெராரி சற்று அதிகம்.

மரனெல்லோவில் சில நிமிஷங்களுக்குப் பெராரியை வாடகைக்குத் தருவோர் உளர். சேமிப்புப் பணத்தைக் கொடுத்து மருமகன் சாரதி ஆசனத்தில் அமர்ந்தான். நான் ஒரு விளிம்பில் ஒடுங்கிக்கொண்டேன். அந்தோ! அப்பிரதேசம் தரை ஓடு செய்யும் தொழிலுக்கும் பேர்போனது. எங்கள் முன்னே ஓடு ஏற்றிய லொறி ஒன்று வளைவுக்கு வளைவு ஊர்ந்து சென்றது. பத்து நிமிஷமும் அதன் பின்புறத்தையே தரிசித்தோம். அந்த லொறியின் இலக்கம் எனக்கு இன்றும் ஞாபகமிருக்கிறது.

பெறுமதி என்ற விஷயத்தில் நான் பெராரியின் பக்கம். 1962க்கும் 1964க்கும் இடையில் 36 மாத்திரமே செய்யப்பட்ட '250 ஜிரிஓ' புதிதாய் இருந்தபோது ஏறக்குறைய 18,000 டொலர். அவற்றுள் ஒன்று 2018இல் ஏலத்தில் 48.4 மில்லியன் டொலருக்குப் போயிற்று. பேரழகியான மியூராவுக்கும் அந்த விலை கனவிலும் இல்லை. பந்தயத்தில் வென்ற வரலாற்றுக்கே உலகம் விலை கொடுக்கின்றது என்று நான் சொல்ல, மருமகன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "நாளைக்கு இன்னொரு இடம் பார்க்க வேணும், மாமா" என்றான்.

மறுநாள் வடக்கே மாந்துவா நகரைக் கடந்து, குயிதித்சோலோ என்ற ஊரின் அருகே காரை நிறுத்தினான். நேரான, சமதளமான வீதி. ஓரத்தில் ஒரு நினைவுக்கல். பிரெஷியாவிலிருந்து உரோமுக்குச் சென்று மீளும் ஆயிரம் மைல் பந்தயம் அக்காலத்தில் பொதுவீதிகளிலேயே நடந்தது. 1957 மே மாதம் 12ஆந் திகதி, பிரெஷியாவை எட்டச் சிறிது தூரமே இருக்கையில், ஒரு பெராரிக் காரின் ரயர் இவ்விடத்தில் வெடித்தது. ஓட்டிய ஸ்பானியப் பிரபு அல்போன்சோ டி போர்த்தாகோவுக்கு வயது 28. அவரும், உடனிருந்த நெல்சனும், வேடிக்கை பார்க்க நின்ற ஒன்பது பேரும் மாண்டனர். ஒன்பதின்மருள் ஐவர் குழந்தைகள். அன்றைய பந்தயத்தில் முதலாவதாக வந்ததும் பெராரிக் கார்தான். என்சோமீது வழக்குத் தொடரப்பட்டு, 1961இல் அவர் விடுதலை செய்யப்பட்டார். வேகப் போட்டியாக அந்தப் பந்தயம் பின்னர் நடக்கவேயில்லை.

கல்லிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தோம். நேற்று நான் பேசிய பெறுமதிப் பேச்சு என் காதிலேயே திரும்ப ஒலித்தது. வீதியிலே வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன.

வொக்ஸ்வாகனுக்குத் திரும்பியதும், எந்தக் கம்பனிக்கு எழுதப் போகிறாய் என்று கேட்டேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. குறிப்புப் புத்தகத்தை மடியில் விரித்து, இரண்டு பத்திகளுக்கும் பக்கத்தில் மூன்றாவது பத்தி ஒன்றைக் கோடிட்டான். அதன் தலைப்பில் 'பிரேக், ரயர்' என்று எழுதினான். பின்பு காரை மெதுவாக வீதிக்கு இறக்கினான்.